அம்மாவுக்கு 38, அக்காவுக்கு 34: மாதவிடாய் சீக்கிரம் நிற்பதில் மரபணுவின் பங்கு

கேள்வி இது: "அம்மாவுக்கு 38 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. அக்காவுக்கு இப்போது 34. எட்டு மாதமாக வரவில்லை, எஃப்எஸ்எச் ஹார்மோன் பார்த்ததில் 62 என்று வந்திருக்கிறது. டாக்டர் 'ஜெனெடிக்காக இருக்கலாம்' என்பதோடு முடித்துக்கொண்டார். எனக்கு 28. எந்த ஜீனால் இப்படி வருகிறது? எனக்கும் வருமா? நான் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மரபணு ஆலோசனை வேலையில் இத்தனை வருடமாகப் பார்த்ததில், பணமும் நிம்மதியும் அதிகம் வீணாவது அங்கேதான். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் அக்கா.

காரணம் எளிது. மாதவிடாய் சீக்கிரம் நிற்பதோடு சம்பந்தப்படுத்தப்பட்ட மரபணுக்களின் பட்டியல் நூறைத் தொட்டுவிட்டது. உங்கள் வீட்டில் ஓடுவது அதில் எது என்று தெரியாமல் உங்களிடம் தேடி, 'எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வீட்டில் இருக்கிற பிழை உங்களுக்கு வரவில்லை என்பது ஒன்று. அந்தப் பிழையை இந்த டெஸ்ட் பார்க்கவே இல்லை என்பது இன்னொன்று. ரிப்போர்ட்டை வைத்து எது உண்மை என்று சொல்லவே முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவரான அக்காவிடம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால், உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். இருக்கிறது, இல்லை என்று தெளிவான பதில் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இயல்பாக மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள். 45க்கு முன்னால் நின்றால் சீக்கிர மெனோபாஸ் என்பார்கள். 40க்கு முன்னால் என்றால் அதற்குத் தனிப் பெயர்: முதன்மைச் சினைப்பைக் குறைபாடு. பழைய புத்தகங்களில் நூறு பெண்களில் ஒருவருக்கு என்று இருக்கும். சமீபத்திய கணக்குகள் 3.5 சதவீதம் வரை சொல்கின்றன. 30 வயதுக்குள் என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கு. பெயரில் 'மெனோபாஸ்' இல்லாமல் 'குறைபாடு' என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. இவர்களில் சிலருக்குச் சினைப்பை முழுதாக ஓய்ந்துவிடுவதில்லை. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரு மாதம் திடீரென்று வேலை செய்யும். 5 சதவீதம் பேர் அளவுக்கு, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பிறகு கருத்தரித்தும் இருக்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு இனிக் குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை தேவை என்பதைக்கூட யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

மரபணு எங்கே புகுகிறது என்பதைப் பார்க்க முட்டைகளின் கணக்கு தெரிய வேண்டும். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதோடு சேமிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு செலவு மட்டும்தான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது மாதவிடாய் நிற்கிறது. இவ்வளவிலும் மாதாமாதம் வெளியே வந்து கருவாகும் வாய்ப்புப் பெறுபவை ஏறக்குறைய 400தான். மீதி எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன.

ஆகவே சீக்கிரம் நிற்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆரம்பச் சேமிப்பே குறைவாக இருக்கலாம். சேமிப்பு சரியாக இருந்து, கசிவு வேகமாக இருக்கலாம். அல்லது முட்டைகள் இருந்தும் மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் அழைப்பு அவற்றுக்குக் கேட்காமல் போகலாம். மூன்றாவது மிக அரிது. 1995ல் ஃபின்லாந்தில் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, எஃப்எஸ்எச் ஏற்பியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது தெரிந்தது. ஹார்மோன் ஏராளமாக வருகிறது, கதவில் தாழ்ப்பாள்தான் சரியில்லை. உங்கள் அக்காவின் 62 என்ற எண்ணையும் இப்படித்தான் படிக்க வேண்டும். சினைப்பை பதில் சொல்லாததால் மூளை குரலை உயர்த்திக்கொண்டே போகிறது. 25க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டிய அளவு.

இப்போது மரபணுக்கள். முதல் சந்தேகம் எப்போதும் எக்ஸ் குரோமோசோம் மேல்தான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் உண்டு. உடம்பின் மற்ற செல்களில் இரண்டில் ஒன்று பெரும்பாலும் அடக்கிவைக்கப்பட்டிருக்கும். மேரி லயன் 1961ல் சொன்ன விஷயம் இது. ஆனால் முட்டை செல்லில் மட்டும் அடங்கியிருந்த எக்ஸ் மறுபடி விழித்துக்கொள்கிறது. அந்தச் செல்லுக்கு இரண்டு எக்ஸும் முழு வேலையில் தேவை. அதனால் இரண்டாவது எக்ஸ் இல்லாவிட்டாலோ, அதில் ஒரு துண்டு உடைந்திருந்தாலோ முதலில் அடிவாங்குவது சினைப்பை.

இதன் முழு வடிவம்தான் டர்னர் சிண்ட்ரோம். ஹென்றி டர்னர் 1938ல் விவரித்தார். அந்தப் பெண்களிடம் ஒரே ஒரு எக்ஸ்தான் இருக்கிறது என்பது 1959ல் தெரிந்தது. பிறக்கும் பெண் குழந்தைகளில் 2000 முதல் 2500 பேருக்கு ஒருவர். இவர்களுக்கும் சிசுவாக இருக்கும்போது முட்டைகள் உருவாகின்றன. பூப்படையும் வயதுக்கு முன்பே பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. 'என் அக்கா பூப்படைந்து, குழந்தையும் பெற்றவள், அவளுக்கு எப்படி டர்னர் இருக்கும்?' என்று கேட்பீர்கள். இருக்கலாம். சில பெண்களின் உடம்பில் இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கும், சிலவற்றில் இரண்டு எக்ஸ், சிலவற்றில் ஒன்று. மொசைக் என்பது இதற்குப் பெயர். உயரம் இயல்பாக இருக்கும், மாதவிடாயும் சில வருடம் ஒழுங்காக வந்திருக்கும், 30களில்தான் விஷயம் வெளிப்படும். இது தவிர, எக்ஸின் நீண்ட கையில் (குரோமோசோமின் நீளமான பக்கம்) ஒரு துண்டு காணாமல்போவது, வேறு குரோமோசோமோடு துண்டு இடம் மாறிக்கொள்வது என்பவையும் உண்டு. இந்தத் துண்டுப் பிழைகள் அம்மாவிடமிருந்து மகளுக்கு வரக்கூடியவை. முழு எக்ஸ் இல்லாமல் போவது பொதுவாக அப்படிக் குடும்பத்தில் ஓடுவதில்லை. அந்தக் கருவில் நடந்த விபத்து அது.

இவற்றையெல்லாம் காட்டும் பரிசோதனை கேரியோடைப்பிங். குரோமோசோம்களைப் படம் எடுத்து எண்ணிப்பார்ப்பது. பழைய முறை. பளபளப்பாக எதுவும் இல்லை. ஆனாலும் நூறு பேரில் பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு விடை இதில்தான் கிடைக்கிறது. இதைத் தாண்டிக்கொண்டு நேரே பல மரபணுக்களை ஒரே தடவையில் படிக்கும் பெரிய ஜீன் பேனலுக்குப் போவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

அடுத்தது எஃப்எம்ஆர்1 என்ற மரபணு. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அம்மா, மகள் என்று இரண்டு தலைமுறையில் வந்தால் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

சில வருடம் முன்பு 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மாதவிடாய் நின்று ஒரு வருடம். நான் வழக்கம்போல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வம்சப் படம் போட ஆரம்பித்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். "அம்மாவுக்கு எப்போது நின்றது?" "41." வட்டத்தில் குறித்துக்கொண்டேன். "அம்மாவோடு பிறந்தவர்கள்?" "ஒரு மாமா. அவருக்கு 60 தாண்டியதிலிருந்து கை நடுக்கம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார், நடையும் தள்ளாடும்." சதுரத்தின் பக்கத்தில் எழுதினேன். "உங்கள் கூடப்பிறந்தவர்கள்?" "ஒரு தங்கச்சி. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் பையன்தான் நாலு வயதாகியும் பேசவில்லை." அங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று பேரும் மூன்று வேறு டாக்டர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகப்பேறு டாக்டர், நரம்பு டாக்டர், குழந்தைகள் டாக்டர். மூன்று நோயும் ஒரே மரபணு என்று யாருக்கும் தோன்ற வழியில்லை, அந்தத் தாள் அவர்கள் யார் முன்னாலும் இல்லையே.

எஃப்எம்ஆர்1 எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1991ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஆரம்பத்தில் சிஜிஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானவர்களுக்கு 30 தடவை அளவில். 44 வரை இயல்பு. 45 முதல் 54 வரை நடுக்கட்டம். 55 முதல் 200 வரை இருந்தால் முன்பிறழ்வு. 200ஐத் தாண்டினால் முழுப் பிறழ்வு, மரபணு மூடிக்கொண்டுவிடும்; அதுதான் ஆண் குழந்தைகளில் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை உண்டாக்கும் ஃப்ரஜைல் எக்ஸ்.

இதில் யாருக்கும் முதலில் நம்பக் கஷ்டமாக இருப்பது ஒன்று உண்டு. சினைப்பையைப் பாதிப்பது முழுப் பிறழ்வு இல்லை, நடுவில் இருக்கிற முன்பிறழ்வுதான். 200ஐத் தாண்டிய பெண்களுக்குச் சீக்கிர மெனோபாஸ் ஆபத்து கூடுவதில்லை. அங்கே மரபணு மூடிக்கிடக்கிறது, எதுவும் உற்பத்தி ஆவதில்லை. 55க்கும் 200க்கும் நடுவில் மரபணு திறந்திருக்கிறது. வழக்கத்தைவிட அதிகமான ஆர்என்ஏ நகல்களை உருவாக்குகிறது. நீண்டு சிக்கலான அந்த நகல்கள் செல்லுக்கே நஞ்சாகின்றன என்பதுதான் இப்போதைக்கு அதிகம் ஏற்கப்படும் விளக்கம். அதிலும் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்து நேர்கோட்டில் ஏறுவதில்லை. 70க்கும் 100க்கும் நடுவில்தான் உச்சம், அதற்கப்பால் மறுபடி இறங்குகிறது.

முன்பிறழ்வு உள்ள பெண்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு 40க்குள் மாதவிடாய் நிற்கிறது. மீதி 80 சதவீதம் பேருக்கு அப்படி இல்லை, ஆனால் சராசரியாக ஐந்து வருடம் முன்னதாக நிற்கும். முன்பிறழ்வு உள்ள ஆண்களில் 50 வயதைத் தாண்டிய பலருக்கு நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வருகிறது. அந்த மாமாவின் டம்ளருக்கு அர்த்தம் அதுதான். அப்புறம் அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகும்போது இந்த எண்ணிக்கை பெருகிவிடும். எண்பதில் இருந்தது ஒரே தலைமுறையில் 200ஐத் தாண்டலாம். பேசாத அந்தப் பையனுக்கு நடந்தது அது. பரிசோதனை செய்ததில் வந்தவருக்கு 86, தங்கைக்கும் முன்பிறழ்வு, பையனுக்கு முழுப் பிறழ்வு.

காரணம் தெரியாமல் மாதவிடாய் நின்ற பெண்களை எடுத்துக்கொண்டால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாதவர்களில் 2 முதல் 5 சதவீதம் பேரிடம் இந்த முன்பிறழ்வு இருக்கிறது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் போகிறது. நீங்கள் அந்த இரண்டாவது வகை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும். 'இது பெண்கள் விஷயம், அம்மா வழியைக் கேட்டால் போதும்' என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்பாவுக்கும் ஒரு எக்ஸ் இருக்கிறது, அதை அவர் எல்லா மகள்களுக்கும் அப்படியே கொடுக்கிறார். அவருக்குச் சினைப்பை இல்லாததால் அதில் உள்ள பிழை அவரிடம் தெரிவதே இல்லை. எக்ஸில் இருக்கும் பிஎம்பி15 என்ற மரபணுவின் பிழையை 2004ல் இரண்டு சகோதரிகளிடம் கண்டுபிடித்தார்கள். அது வந்தது ஆரோக்கியமாக இருந்த அப்பாவிடமிருந்து. ஆகவே அத்தைமார்களையும் கேளுங்கள்.

எக்ஸை விட்டு வெளியே வந்தால் காடு பெரியது. அதில் சில மரபணுக்கள் உடம்பின் வேறு இடத்திலும் தடயம் விட்டுப்போகும். அதைக் கவனிக்கிற டாக்டர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறவியிலேயே இமைகள் தாழ்ந்து கண்திறப்பு குறுகியிருந்தால் ஃபாக்ஸ்எல்2. காது கேளாமையும் சேர்ந்திருந்தால் பெரோ சிண்ட்ரோம்; அதற்குள்ளேயே பல மரபணுக்கள் உண்டு. பாலிலிருந்து வரும் காலக்டோஸை உடம்பால் கையாள முடியாத பிறவி நோயான காலக்டோசீமியா உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு, பச்சிளம் வயதிலிருந்தே உணவுக் கட்டுப்பாடு இருந்தும்கூட, சினைப்பை பாதிக்கப்படுகிறது. சிறு வயதிலிருந்து விடாத பூஞ்சைத் தொற்று, பாராதைராய்டு, அட்ரீனல் குறைபாடு என்று வரிசையாக வந்தால் ஏஐஆர்இ. இதில் மரபணு நேரடியாக முட்டையைத் தொடுவதில்லை. நோய் எதிர்ப்பாற்றலின் குறியைத் தவறவைத்து, உடம்பே தன் சினைப்பையைத் தாக்கும்படி செய்கிறது.

இந்தத் தடயங்கள் எதுவும் இல்லாத பெண்கள்தான் அதிகம். அவர்களிடம் கிடைக்கும் மரபணுக்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பெரும்பாலானவை ஹார்மோன் சம்பந்தப்பட்டவையே இல்லை, டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்கள். எம்சிஎம்8, எம்சிஎம்9, எம்எஸ்எச்5 என்று போகும் பெயர்கள். ஏன் என்று கேட்டால், முட்டை செல்லின் வாழ்க்கையே அப்படி. சிசுவாக இருக்கும்போதே அது பிரிய ஆரம்பிக்கிறது. அம்மா வழி, அப்பா வழி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதற்காக டிஎன்ஏவை வேண்டுமென்றே நூற்றுக்கணக்கான இடங்களில் அறுத்துக்கொள்கிறது. அத்தனையும் ஒட்டப்பட வேண்டும். ஒட்டிய பிறகு பாதியில் நின்று, 20, 30, 40 வருடம் அப்படியே காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் சேரும் பழுதையும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சரிசெய்ய முடியாத முட்டையைக் காவல் மரபணுக்கள் கொன்றுவிடும். ஒட்டும் வேலையில் ஆள் குறைந்தால் கொல்லப்படும் முட்டைகள் கூடும், சேமிப்பு சீக்கிரம் தீரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021ல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பெண்களின் மரபணுத் தரவுகளை வைத்து, மெனோபாஸ் வயதைப் பாதிக்கும் 290 இடங்களைக் குறித்தார்கள். அதில் காவல்காரர்களில் ஒருவரான செக்2 என்ற மரபணு வேலை செய்யாத பெண்களுக்கு மாதவிடாய் மூன்றரை வருடம் தாமதமாக நின்றது. கேட்க நன்றாக இருக்கிறதா? அதே செக்2 கெட்டுப்போனால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடும். பழுதான செல்லைக் கொல்லாமல் விடுவது முட்டைக் கணக்கில் வரவு, புற்றுநோய்க் கணக்கில் செலவு. பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிழை கிடைத்த ஒருவரிடம் சினைப்பையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சிலவற்றில் புற்றுநோய்க் கண்காணிப்பும் தேவைப்படும்.

அந்த 290 இடங்கள் இன்னொரு உண்மையையும் சொல்கின்றன. எல்லாருக்கும் ஒரே ஒரு குற்றவாளி மரபணு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் சில வாரம், சில மாதம் முன்னே தள்ளும் சிறு மாற்றங்கள் ஒருவரிடமே நிறையச் சேர்ந்துவிட்டால் போதும். அப்படி மிக அதிகமாகச் சேர்ந்த ஒரு சதவீதப் பெண்களின் ஆபத்து, எஃப்எம்ஆர்1 முன்பிறழ்வு உள்ளவர்களின் ஆபத்துக்குச் சமமாக இருந்தது. அந்த ஆய்வு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்து நடந்தது. மற்றவர்களுக்கு அதே கணக்கை அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. இணையத்தில் எச்சில் அனுப்பி வாங்கும் 'மெனோபாஸ் வயது கணிப்பு' எதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜீன் பேனல் ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் அதில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023ல் பிரிட்டனின் பயோபேங்க் என்ற மருத்துவத் தரவுத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தார்கள். சீக்கிர மெனோபாஸுக்குக் காரணம் என்று இதுவரை எழுதப்பட்ட மரபணுக்களில், அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்ற இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டுப்போன பெண்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் மாதவிடாய் இயல்பான வயதில்தான் நின்றிருந்தது. அதாவது ஒரு பிரதி கெட்டாலே போதும் என்று கட்டுரை கட்டுரையாக எழுதப்பட்ட பல மரபணுக்கள் உண்மையில் அப்படி வேலை செய்வதில்லை. இரண்டு பிரதியும் கெட்டால் கதை வேறு. அதே வருடம் இன்னொரு ஆய்வில், 40க்கு முன் மாதவிடாய் நின்ற, அல்லது வரவே இல்லாத 1030 பெண்களின் மரபணுக்களை வரிசையாகப் படித்ததில், நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகத்தான் காரணம் கிடைத்தது. பூப்படையவே இல்லாத பெண்களிடம் விடை கிடைப்பது அதிகம், வந்து நின்றவர்களிடம் குறைவு. அதனால் அக்காவுக்கு எல்லாம் பார்த்தும் 'காரணம் தெரியவில்லை' என்று வந்தால், டாக்டர் கையை விரிக்கிறார் என்று கோபப்படாதீர்கள். நான்கில் மூன்று பேருக்கு அதுதான் நேர்மையான பதில்.

உங்கள் குடும்பத்தை மட்டும் வைத்துப் பார்ப்போம். அம்மாவுக்கு இருந்து, மகளுக்கும் இருக்கிறது. இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் வகை பொதுவாக ஒரே தலைமுறையில், அக்கா தங்கைகளிடம் மட்டும் தெரியும். பெற்றோர் நெருங்கிய உறவாக இருந்தால் சந்தேகம் கூடும். உங்கள் வீட்டில் மேலிருந்து கீழே இறங்குகிறது. எனவே எக்ஸ் பிழை, எஃப்எம்ஆர்1, ஒரு பிரதியே போதும் என்ற சில மரபணுக்கள், அல்லது சிறு மாற்றங்களின் கூட்டு. ஆனால் இதை முடிவு செய்வதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: 38ல் தானாக நின்றதா, அல்லது கர்ப்பப்பையை எடுத்தார்களா? நிறையப் பேர் இரண்டையும் 'நின்றுவிட்டது' என்றே சொல்வார்கள். ஆபரேஷன் என்றால் அம்மா இந்தக் கணக்கிலேயே வர மாட்டார். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தாலும் அப்படித்தான். பாட்டியைப் பற்றிக் கேட்கும்போது மாதவிடாய் நின்ற வயது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசிக் குழந்தை பிறந்தபோது அவருக்கு என்ன வயது என்று கேளுங்கள், அது ஞாபகம் இருக்கும். 43ல் ஒரு குழந்தை பெற்றிருந்தால் அந்தப் பாட்டிக்குச் சினைப்பை நன்றாகவே ஓடியிருக்கிறது.

அக்காவுக்கு வரிசை இது. கேரியோடைப்பிங், எஃப்எம்ஆர்1, கூடவே அட்ரீனல், தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனை. இவற்றில் எதுவும் கிடைக்காவிட்டால் ஜீன் பேனல், அல்லது எல்லா மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளையும் படிக்கும் எக்ஸோம். கேரியோடைப்பில் ஒய் குரோமோசோமின் துண்டு இருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தச் சினைப்பையில் கட்டி வரும் ஆபத்து இருப்பதால் எடுத்துவிடச் சொல்வார்கள். மரபணு விடைக்காகக் காத்திருக்காமல் தொடங்க வேண்டியது ஹார்மோன் சிகிச்சை. 34 வயது எலும்புக்கும் இதயத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. 50 வயதுப் பெண்களின் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்ட பயத்தை அக்காவின் மேல் ஏற்றாதீர்கள். அவருக்குக் கொடுப்பது கூடுதல் இல்லை, உடம்பில் இருந்திருக்க வேண்டியது. இயல்பாக நிற்கும் வயதான 50ஐ ஒட்டி வரை தொடர்வது வழக்கம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் இது வேறு கணக்கு; அதை அவரவர் டாக்டரோடு பேச வேண்டும்.

இப்போது நீங்கள். அக்காவுக்கு எஃப்எம்ஆர்1 முன்பிறழ்வு என்று வந்து, அம்மாவுக்கும் அது இருந்தால், உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். வரவில்லை என்றால் அந்தக் கவலை அதோடு தீர்ந்தது. வந்திருந்தால்கூட, 40க்குள் நிற்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான், ஆனால் குழந்தை பெறுவதற்கு முன் எண்ணிக்கை பெருகும் விஷயத்தைப் பேசியாக வேண்டும். கருவைச் சோதித்துப் பார்த்துக் கருப்பையில் வைக்கும் வழியும், கர்ப்பத்தில் சோதிக்கும் வழியும் இருக்கின்றன. எக்ஸ் துண்டுப் பிழை என்றால் உங்களுக்கும் அம்மாவுக்கும் கேரியோடைப்பிங்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், குடும்ப வரலாறே உங்களுடைய டெஸ்ட் ரிசல்ட். அம்மா, அக்கா இருவருக்கும் இருப்பதால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஏஎம்எச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் இப்போது ஒரு தடவை பாருங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. அந்த எண் சேமிப்பின் அளவைக் காட்டும். இந்த மாதம் கருத்தரிக்க முடியுமா என்பதைக் காட்டாது. குறைவாக வந்தாலும் 28 வயது முட்டையின் தரம் பெரும்பாலும் 28 வயதுக்கு உரியதாகவே இருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏஎம்எச் கொஞ்சம் இறங்கித் தெரியும், அதை லேபில் சொல்லுங்கள். வருடத்துக்கு வருடம் வேகமாக இறங்கினால் முட்டையை உறையவைப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 35க்கு என்று தள்ளிவைக்காதீர்கள். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஒன்றிரண்டு வருடத்தை அதுவும் தின்றுவிடும், உங்களிடம் கொடுப்பதற்கு அந்த வருடங்கள் இல்லை.

அக்காவோடு போகும்போது வம்சப் படத்தை வீட்டிலேயே போட்டுக் கொண்டுபோங்கள். தாத்தா, மாமா, அத்தை, பேசத் தாமதமான குழந்தைகள், நடுங்கும் கைகள், நின்ற வயது, ஆபரேஷன் எல்லாம் அதில் இருக்கட்டும். எஃப்எம்ஆர்1 ரிப்போர்ட் வரும்போது அதில் 'நார்மல்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், எனவே இரண்டு எண்கள் இருக்க வேண்டும். 30, 31 என்பது போல. அந்த இரண்டு எண்ணையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.